"உங்கள் கணினி முடக்கப்பட்டது, உடனே அழையுங்கள்": போலி எச்சரிக்கைத் திரைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி பற்றி நாலு விஷயம் தெரிந்தவர் என்று பெயரெடுத்துவிட்டால் போதும், பதறிய குரல்கள் தேடி வரத் தொடங்கிவிடும். அவற்றில் பெரும்பங்கு ஒரே ரகம்: திரையில் பெரிய எச்சரிக்கை, காதைத் துளைக்கும் சத்தம், நடுவில் ஒரு தொலைபேசி எண். கேட்கும் ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த நிமிடம் அப்படியொரு திரை உங்கள் எதிரில் இருந்தால் முதல் இரண்டு பதில்களை மட்டும் படித்துவிட்டு வேலையைப் பாருங்கள். மற்றதை ஆற அமரப் படித்துக்கொள்ளலாம்.

1. திடீரென்று திரை முழுக்க எச்சரிக்கை வந்துவிட்டது. கணினிக்குள் வைரஸ் புகுந்துவிட்டதா?

இந்தத் திரை அதற்கு அடையாளம் இல்லை. நீங்கள் பார்ப்பது பிரவுசரில் திறந்திருக்கும் ஒரு வலைப்பக்கம். வலைப்பக்கங்களைப் பிரவுசர் ஒரு வேலிக்குள் வைத்துத்தான் இயக்குகிறது. உங்கள் கோப்புகளைத் துழாவவோ வட்டைச் சோதித்து வைரஸ்களை எண்ணவோ அந்தப் பக்கத்துக்கு வழியில்லை. "சோதனை நடக்கிறது" என்று நகரும் பட்டையும், மளமளவென்று ஏறும் வைரஸ் எண்ணிக்கையும் முன்கூட்டியே செய்துவைத்த அசைபடம். யார் திறந்தாலும் அதே எண்ணிக்கைதான் வரும்.

அந்தப் பக்கத்தின் ஒரே நோக்கம், நீங்கள் அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதுதான். அழைக்காதவரை அவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை.

2. வெறும் வலைப்பக்கம் என்றால் மூடுகிற பொத்தான் ஏன் வேலை செய்யவில்லை? மவுஸ் அம்புக்குறியையே காணவில்லையே!

நீங்கள் அழுத்தியது பொத்தானே இல்லை, பொத்தானின் படம். வீடியோ பார்க்கும்போது திரையை முழுதாக நிரப்புகிறோமே, அதே வசதியை இந்தப் பக்கமும் பயன்படுத்துகிறது. பிரவுசரின் உண்மையான முகவரிப் பட்டையும் மூடும் குறியும் அதன் பின்னால் மறைந்துவிடும். மவுஸ் குறியை மறைப்பதற்கும் வலைப்பக்கங்களுக்கு வசதி உண்டு. ஒரு பெட்டியை மூடினால் இன்னொன்று முளைப்பதும் இப்படி எழுதிவைத்த நிரல்தான்.

வெளியே வர, எஸ்கேப் விசையைச் சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஒருமுறை தட்டினால் சில பக்கங்கள் விடாது. பிடித்தால் முழுத்திரை கலைந்துவிடும். பிறகு பிரவுசரை மூடலாம். அதற்கும் மசியவில்லை என்றால் விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இந்த மூன்று விசைகளை எந்த வலைப்பக்கத்தாலும் தடுக்க முடியாது. வரும் பட்டியலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரைத் தேர்ந்தெடுத்து, "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். மேக் கணினியில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் பிரவுசரை வலுக்கட்டாயமாக மூடும் பெட்டி வரும். எதுவுமே நினைவுக்கு வராவிட்டால் கணினி அணையும்வரை பவர் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். சேமிக்காத வேலை போகலாம். "கணினியை அணைத்தால் தரவுகள் அழியும்" என்ற மிரட்டலைப் பொருட்படுத்த வேண்டாம்.

மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது "முன்பு திறந்திருந்த பக்கங்களை மீட்கவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பழக்க தோஷத்தில் "சரி" என்று அழுத்தி அதே பக்கத்தைத் திரும்ப வரவழைத்துவிட்டு, "போகவே மாட்டேன் என்கிறது" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

3. என் ஐபி முகவரி, ஊர், இணைய நிறுவனத்தின் பெயர் எல்லாம் சரியாகக் காட்டுகிறதே. உள்ளே புகாமல் இதெல்லாம் எப்படித் தெரியும்?

நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் இவை தெரியும். பக்கத்தை எங்கே அனுப்புவது என்று தெரிய ஐபி முகவரி தேவை. அதை வைத்து ஊரையும் இணைய நிறுவனத்தையும் ஏறத்தாழக் கணிக்கலாம். பிரவுசரின் பெயரையும் இயங்குதளத்தையும் பிரவுசரே சொல்லிவிடுகிறது. மற்ற தளங்கள் இதைப் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை, இவர்கள் சிவப்பு எழுத்தில் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். ஊரின் பெயரைப் பல நேரங்களில் தவறாகவும் காட்டும். பதற்றத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை.

4. மைக்ரோசாஃப்ட் சின்னமெல்லாம் இருந்தது. உண்மையான எச்சரிக்கையை எப்படிப் பிரித்து அறிவது?

தொலைபேசி எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தன்னுடைய பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாஃப்ட் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. சின்னத்தையும் நிறத்தையும் எழுத்துருவையும் நகலெடுப்பது சில நிமிட வேலை. ஆகவே தோற்றத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். "ஐந்து நிமிடத்துக்குள் அழைக்காவிட்டால்" என்ற கெடு, கணினியை அணைக்காதே என்ற கட்டளை, எச்சரிக்கையை வாசிக்கும் இயந்திரக் குரல் ஆகியவை கூடுதல் அடையாளங்கள்.

உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியை நீங்களே தேடித் திறந்து பாருங்கள். வைரஸ் இருந்தால் அங்கே பதிவாகியிருக்கும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆபத்தான தளத்துக்குப் போகப் பார்த்தால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்களே சிவப்புப் பக்கம் ஒன்றைக் காட்டித் தடுக்கும். அது உண்மையானது. அதில் எண் இருக்காது, சத்தம் இருக்காது, திரும்பிப் போக ஒரு பொத்தான் இருக்கும்.

5. நான் கண்ட கண்ட தளத்துக்கெல்லாம் போவதில்லை. எனக்கு எப்படி வந்தது?

உங்கள் மேல் தவறு இல்லாமலும் வரும். பெரும்பாலும் விளம்பரம் வழியாகத்தான் இது நுழைகிறது. தளங்கள் விளம்பர இடத்தை வலையமைப்புகளுக்கு விற்கின்றன, அவை இன்னொருவருக்குக் கைமாற்றுகின்றன. இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணியில் மோசடி விளம்பரம் ஒட்டிக்கொள்கிறது. மதிப்புள்ள தளத்திலும் இது நடக்கும். முகவரியில் ஒரு எழுத்தைத் தவறாகத் தட்டினாலும் அந்தத் தவறை எதிர்பார்த்துப் பதிவு செய்துவைத்த தளத்தில் போய் விழலாம். பராமரிப்பில்லாத தளங்களை உடைத்து, வருபவர்களை அப்படியே இந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதும் உண்டு.

6. பக்கத்தை மூடிவிட்டேன். ஆனால் திரையின் மூலையில் "வைரஸ்! வைரஸ்!" என்று சின்னப் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன.

ஏதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதி பொத்தானை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பீர்கள். பிரவுசர் அமைப்புகளில் "நோட்டிஃபிகேஷன்" என்று தேடினால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர்களையெல்லாம் நீக்கிவிடுங்கள். பெட்டிகள் அத்தோடு நின்றுவிடும். ஐபோனில் நாட்காட்டியில் இப்படி நிகழ்வுகள் குவிந்தால், நீங்கள் அறியாமல் சேர்ந்த நாட்காட்டிச் சந்தா ஒன்று இருக்கும். நாட்காட்டிப் பட்டியலில் அதைக் கண்டுபிடித்து நீக்கினால் போதும்.

7. அந்த எண்ணை அழைத்துத்தான் பார்ப்போமே. பேசினால் என்ன ஆகிவிடும்?

மறுமுனையில் மிகவும் பொறுமையான, பணிவான ஒருவர் பேசுவார். இந்த வேலைக்கான திறமையே அதுதான். முதலில், ஒரு கணினியைத் தொலைவிலிருந்தே இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒரு மென்பொருளை நிறுவச் சொல்வார், அல்லது விண்டோஸிலேயே இருக்கும் குயிக் அசிஸ்டைத் திறக்கச் சொல்வார். இவையெல்லாம் உண்மையான, நல்ல மென்பொருள்கள். அதனால் ஆன்டிவைரஸ் தடுக்காது. அதில் வரும் எண்ணை நீங்கள் வாசித்துக் காட்டி, அனுமதி கொடுத்ததும் உங்கள் மவுஸ் தானாக நகரத் தொடங்கும்.

பிறகு நாடகம். ஈவென்ட் வியூவர் என்ற விண்டோஸ் பதிவேட்டைத் திறந்து, அதில் வரிசையாக நிற்கும் சிவப்புக் குறிகளைக் காட்டி "பார்த்தீர்களா, எத்தனை பிழைகள்" என்பார். புத்தம்புதுக் கணினியிலும் அந்தக் குறிகள் இருக்கும். ஏதோ ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூட அங்கே ஒரு வரி பதிவாகும். அடுத்து கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் கட்டளையைத் தட்டி, உங்கள் பிரவுசரின் வழக்கமான இணைப்புகளைக் காட்டி, "இவர்கள் எல்லாம் உங்கள் கணினிக்குள் இருக்கும் ஹேக்கர்கள்" என்பார். எனக்கு இதில் மிகவும் எரிச்சலூட்டுவது ட்ரீ கட்டளைத் தந்திரம். அது கோப்புறைகளின் பட்டியலைக் காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. எழுத்துகள் திரையில் ஓடும்போது "சோதனை நடக்கிறது" என்று சொல்லிவிட்டு, ஓடி முடித்த இடத்தில் "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று தன் விசைப்பலகையிலிருந்தே தட்டுவார். பார்ப்பவருக்குக் கணினியே அதைச் சொன்னது போலத் தோன்றும்.

இவ்வளவும் முடிந்தபின்தான் விலை வரும். ஓராண்டுக்கு இவ்வளவு, வாழ்நாள் பாதுகாப்புக்கு இவ்வளவு என்று பட்டியலே வைத்திருப்பார்கள்.

8. என் கணினிக்கு மட்டுமே உரிய அடையாள எண்ணை அவர் சொன்னார். நான் சரிபார்த்தேன், ஒத்துப்போனது. அப்படியானால் அவர் உண்மையான ஆள்தானே?

அசோக் (assoc) என்ற கட்டளையைத் தட்டச் சொல்லி, பட்டியலின் அடியில் 888 என்று தொடங்கும் நீண்ட எண்ணைப் படித்திருப்பார். அது கணினியின் அடையாள எண் கிடையாது. விண்டோஸில் ஒரு கோப்பு வகைக்குரிய குறியீடு அது. உலகில் உள்ள எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றே. அவர் எதிரில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்திருப்பார். உங்கள் பெயரையும் முகவரியையும் சொன்னால்? பழைய தரவுக் கசிவுகளில் அவை விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றைச் சொல்ல முடிவதால் அவர் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று ஆகிவிடாது.

9. பேசினேன், பயந்து பாதியில் வைத்துவிட்டேன். எதையும் நிறுவவில்லை, எதையும் கொடுக்கவில்லை. ஆபத்து உண்டா?

கணினிக்கு இல்லை. உங்கள் எண் அவர்களிடம் போய்விட்டது, அவ்வளவுதான். "பதில் சொல்பவர்" என்ற பட்டியலில் சேர்ந்திருப்பீர்கள். வேறு வேறு பெயர்களில் அழைப்புகள் வரலாம். எடுக்காமல் விட்டால் போதும்.

10. உள்ளே வர அனுமதித்துவிட்டேன். கால் மணி நேரம் அவர் என் கணினியில் இருந்தார். இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணைக்கலாம், கம்பியைப் பிடுங்கலாம். அவர் இன்னும் இணைப்பில் இருந்தாலும் அந்த நொடியே வெளியேறிவிடுவார். அவரிடம் விடைபெற வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த வேலைகளை அந்தக் கணினியில் செய்யாதீர்கள். போனையோ வேறொரு கணினியையோ எடுங்கள். அவர் இருந்தபோது வங்கிக் கணக்கைத் திறந்திருந்தாலோ அட்டை எண்ணைச் சொல்லியிருந்தாலோ, அட்டையின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை அழையுங்கள். பிறகு மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்புகள் மின்னஞ்சலுக்குத்தான் வரும், ஆகவே அது முதலில். அதன் பிறகு வங்கி, பிரவுசரில் சேமித்து வைத்திருந்த மற்ற பாஸ்வேர்டுகள். மின்னஞ்சல் அமைப்புகளில் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்று ஒரு வசதி இருக்கும், அதையும் அழுத்துங்கள். இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் வசதி) இல்லாவிட்டால் இன்றே வைத்துவிடுங்கள்.

கணினிக்கு வந்தால், அவர் நிறுவச் சொன்ன தொலைநிலை மென்பொருளை நீக்க வேண்டும். இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நீங்கள் அருகில் இல்லாதபோதும் நுழையும்படி அதில் பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒன்றுக்கு இரண்டாக வேறொரு மென்பொருளையும் சேர்த்திருக்கலாம். நிறுவிய நிரல்களைத் தேதிவாரியாக அடுக்கி, அன்று வந்தவற்றையெல்லாம் பாருங்கள். என்னைக் கேட்டால், தேவையான கோப்புகளைப் பிரதியெடுத்துக்கொண்டு விண்டோஸை முழுதாக மறுபடி நிறுவுவதே மேல். அரை நாள் வேலைதான், பிறகு சந்தேகத்தோடு வாழ வேண்டியதில்லை.

11. பணமும் கொடுத்துவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

எப்படிக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கிரெடிட் கார்டு என்றால் நம்பிக்கை உண்டு. வங்கியை அழைத்து இது மோசடி என்று சொல்லி முறையாக மறுப்புத் தெரிவியுங்கள். வங்கிப் பரிமாற்றம் என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்த வேண்டும். பரிசு அட்டை வாங்கி அதன் பின்னுள்ள எண்ணைப் படித்துக் காட்டியிருந்தால் அட்டையையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு அட்டை வெளியிட்ட நிறுவனத்தை அழையுங்கள். செலவழிக்கப்படாத தொகையை அவர்களால் முடக்க முடியலாம். கிரிப்டோ என்றால் பெரும்பாலும் போனது போனதுதான். எந்த உண்மையான நிறுவனமும் பழுதுபார்க்கும் கூலியைப் பரிசு அட்டையாகக் கேட்காது.

காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகாரைப் பதிவு செய்யுங்கள். வெட்கப்பட்டு வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அந்தத் தாமதம் மோசடிக்காரருக்குத்தான் உதவுகிறது.

12. சில மாதம் கழித்து அவர்களே அழைத்து, "நிறுவனத்தை மூடுகிறோம், உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

இது இரண்டாவது அறுவடை. மறுபடி உங்கள் கணினிக்குள் வந்து, வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். திரையைச் சற்று நேரம் கறுப்பாக்கிவிட்டு, உங்கள் கணக்குப் பக்கத்தில் தெரியும் இருப்புத் தொகையை மாற்றி எழுதுவார்கள். பிரவுசரில் எந்தப் பக்கத்திலும் வலது பொத்தானை அழுத்தி "இன்ஸ்பெக்ட்" கொடுத்தால், திரையில் தெரியும் எழுத்தை விருப்பம்போல் மாற்றலாம். வங்கியில் எதுவும் மாறாது, பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய தொகை வந்துவிடும். அல்லது உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து உங்களுடைய இன்னொரு கணக்குக்கே பணத்தை நகர்த்திக் காட்டுவார்கள்.

பிறகு அழுகை தொடங்கும். "ஒரு சைபர் கூடுதலாகப் போட்டுவிட்டேன், என் வேலை போய்விடும், மிச்சத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள்." நல்ல மனம் உள்ளவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். அனுப்பும் பணம் முழுக்க உங்களுடையது.

"இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று வரும் வழக்கறிஞர்களும் துப்பறிவாளர்களும் இதே கூட்டம்தான், அல்லது இவர்களிடம் உங்கள் பெயரை விலைக்கு வாங்கிய இன்னொரு கூட்டம்.

13. பாப்-அப் எல்லாம் இல்லை. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று நானே தேடி எடுத்த உதவி எண் அது. அதிலுமா?

அதிலும்தான். தேடல் முடிவுகளின் மேலே நிற்பவை விளம்பரங்கள். இந்தத் தொல்லை எந்த அளவுக்குப் போனது என்றால், 2016இல் பிங் தேடுபொறி இணையவழித் தொழில்நுட்ப உதவி தரும் வெளியாட்களின் விளம்பரங்களையே தடை செய்தது. 2018இல் கூகுளும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் பிறகும் வேறு வேடத்தில் நுழைந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இதைவிட நுட்பமான ஒன்று 2025இல் வெளிவந்தது. விளம்பரத்தை அழுத்தினால் உண்மையான நிறுவனத்தின் உண்மையான தளமே திறக்கும். முகவரியும் சரியாக இருக்கும். ஆனால் அந்தத் தளத்தின் தேடல் பெட்டிக்குள் "உதவிக்கு இந்த எண்ணை அழையுங்கள்" என்ற வாசகத்தை இணைப்பின் வழியாகவே திணித்திருப்பார்கள். "நீங்கள் தேடியது" என்று தளம் அதை அப்படியே திருப்பிக் காட்டும். ஆகவே எண்ணை விளம்பர இணைப்பின் வழியாக எடுக்காதீர்கள். முகவரியை நீங்களே தட்டிப் போய், "தொடர்புக்கு" பக்கத்தில் பாருங்கள், அல்லது கருவியோடு வந்த கையேட்டில் தேடுங்கள்.

14. வலைப்பக்கத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். எண்ணை அழைக்காத என் நண்பரின் கணினியில் உண்மையிலேயே வைரஸ் வந்துவிட்டதே?

அநேகமாக அந்தப் பக்கம் சொன்னதை அவர் கையால் செய்திருப்பார். 2024 முதல் பரவலாகிவிட்ட ஒரு முறை இது. "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோல் வி, பிறகு என்டர்" என்று பக்கம் சொல்லும். நீங்கள் பக்கத்தில் எதையோ சொடுக்கியபோதே ஒரு கட்டளையை நகல் நினைவகத்தில் வைத்திருக்கும். முதல் விசைகள் விண்டோஸின் ரன் பெட்டியைத் திறக்கும், அடுத்தது கட்டளையை ஒட்டும், என்டர் அதை இயக்கும். வேலியைத் தாண்ட அந்தப் பக்கத்தால் முடியாது. கதவைத் திறந்துவிட்டது நண்பரின் விரல்கள்.

இப்படிச் செய்துவிட்டால் 10ஆம் கேள்வியில் சொன்னவை அனைத்தும் இதற்கும் பொருந்தும், விண்டோஸை மறுபடி நிறுவுவது உட்பட. இம்மாதிரி வருபவை பெரும்பாலும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் வகை. பக்கம் கொடுத்த கோப்பைப் பதிவிறக்கித் திறந்திருந்தாலும் இதே வைத்தியம்தான்.

15. வயதானவர்கள்தானே இதில் ஏமாறுகிறார்கள்?

பெரிய தொகையை இழப்பவர்களில் முதியவர்கள் அதிகம். ஆனால் அவர்கள் மட்டும் என்று நினைத்தால் தவறு. மைக்ரோசாஃப்ட் 2021இல் 16 நாடுகளில் நடத்திய கருத்தாய்வில், ஐந்தில் மூவர் முந்தைய ஓராண்டில் ஏதேனும் ஒரு தொழில்நுட்ப உதவி மோசடியை எதிர்கொண்டிருந்தார்கள்; அதிகமாக எதிர்கொண்டவர்கள் முப்பத்தெட்டு வயதுக்குள் இருந்த இளைஞர்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தந்திரங்களின் பட்டியலை ஒப்பிக்காதீர்கள். "திரையில் எண் வந்தால் அதை விட்டுவிட்டு என்னை அழையுங்கள், எந்த நேரமானாலும் சரி" என்று சொல்லிவையுங்கள். அப்படி அழைக்கும்போது எரிந்துவிழாமல் இருப்பது உங்கள் பொறுப்பு. ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை உங்களை விட்டுவிட்டு அந்தப் பணிவான குரலைத்தான் அழைப்பார்.

16. இது வராமலே தடுக்க முடியாதா?

முழுமையாக முடியாது, வெகுவாகக் குறைக்கலாம். விளம்பரத் தடுப்பான் ஒன்றைப் பிரவுசரில் சேருங்கள். 5ஆம் கேள்வியில் சொன்ன வழிகளில் பெரியது அடைபடும். பிரவுசரைப் புதுப்பித்தே வைத்திருங்கள். எட்ஜ் பிரவுசரில் 2025இல் ஒரு வசதி வந்தது: முழுத்திரை மிரட்டல் பக்கத்தை அடையாளம் கண்டு, முழுத்திரையைக் கலைத்து, சத்தத்தை நிறுத்தி, "இது மோசடியாக இருக்கலாம்" என்று சொல்லும். அமைப்புகளில் அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்பதையே ஒட்டுமொத்தமாக அணைத்துவிடுவதும் நல்லது; அதனால் யாரும் எதையும் இழந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

17. மோசடிக்காரரை வேண்டுமென்றே அழைத்து அலைக்கழிக்கலாமா? இணையத்தில் பலர் அப்படிச் செய்கிறார்களே.

வேண்டாம். அவர்கள் கணினிக்குள் ஒரு போலிக் கணினியை இயக்கி, அடையாளத்தை மறைத்து, தயாராக உட்கார்ந்து செய்கிறார்கள். நீங்கள் உங்கள் சொந்த எண்ணிலிருந்து, சொந்தக் கணினியில் விளையாடினால், ஆத்திரத்தில் மோசடிக்காரர்கள் உங்கள் கோப்புகளை அழித்துவிட்டுப் போவார்கள். பழைய விண்டோஸில் சிஸ்கீ என்ற கருவி இருந்தது. பணம் தர மறுத்தவர்களின் கணினியில் அதை வைத்துத் தொடக்கத்திலேயே பாஸ்வேர்டு கேட்கும்படி பூட்டிவிடுவார்கள். மோசடிக்காரர்களின் கையில் ஆயுதமாகிப்போனதும் ஒரு காரணமாக, 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது.

18. எந்தப் பக்கமும் வரவில்லை. "ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது, தொகை உங்கள் கணக்கில் கழிக்கப்படும், ரத்து செய்ய அழையுங்கள்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் வாங்கவே இல்லையே!

வாங்காத பொருளுக்கு ரசீது வந்தால் யாருக்கும் கை பரபரக்கும், ரத்து செய்யத்தான் தோன்றும். அந்த எண்ணை அழைத்தால் 7ஆம் கேள்வியில் தொடங்கி 12ஆம் கேள்வியில் முடியும் அதே கதை. வங்கிச் செயலியைத் திறந்து அப்படியொரு தொகை கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கழியவில்லை என்றால் மின்னஞ்சலை நீக்கிவிடுங்கள். கழிந்திருந்தால் அழைக்க வேண்டியது வங்கியை.